நிறைந்த ஆலயமும் வறண்ட ஜெபமும்: குமரி மாவட்டத்தில் நம்பிக்கையின் போராட்டம்

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய இரவில், பாஸ்காத் திரியிலிருந்து ஏற்றிய மெழுகுதிரிகளைக் கையில் ஏந்தி நிற்கும் மக்களிடம் குருவானவர் சில கேள்விகளைக் கேட்கிறார். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்பது அவற்றுள் முதன்மையானது. "விட்டுவிடுகிறேன்" என்று ஆலயம் முழுவதும் ஒரே குரலில் பதில் எழுகிறது. கடவுளை நம்புகிறீர்களா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் கடலோரப் பங்குகளிலும் உள்நாட்டுப் பங்குகளிலும் (ஓர் ஆலயத்தைச் சார்ந்த மக்கள் சமூகமே பங்கு) ஆண்டுதோறும் திரும்பச் சொல்லப்படும் இந்த வரிசைக்குள், நம்பிக்கையைப் பற்றிய கத்தோலிக்கப் போதனையின் ஓர் அடிப்படை அடங்கியிருக்கிறது: நம்புவது என்பது ஒன்றை ஏற்பதோடு முடிவதில்லை, அதற்கு எதிராக நம்மை இழுக்கும் ஒன்றை விடுவதும் அதில் அடங்கும். இழுக்கும் அந்தச் சக்தி நம் காலத்தில் எந்த வடிவத்தில் வருகிறது, அதை எதிர்கொள்ளத் திருச்சபை எதைக் கற்பிக்கிறது, அந்தக் கற்பிப்பு நம் பங்குகளை எவ்வளவு தூரம் வந்தடைந்திருக்கிறது என்பவை ஆற அமர எண்ணிப் பார்க்க வேண்டியவை.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மதச்சார்பின்மை என்ற சொல்லைக் கேட்டதும் தமிழர்களாகிய நமக்கு நினைவுக்கு வருவது அரசியல் சாசனம். அரசு எந்த மதத்தையும் தனதாக்கிக் கொள்ளாமல் எல்லோரையும் சமமாக நடத்த வேண்டும் என்னும் அந்தக் கோட்பாட்டோடு திருச்சபைக்குச் சண்டை எதுவும் இல்லை. 1965 டிசம்பர் 7 அன்று உலக ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஏடு, அறிவியலுக்கும் அரசியலுக்கும் சமுதாய அமைப்புகளுக்கும் தமக்கே உரிய விதிகளும் தன்னுரிமையும் உண்டு என்று தெளிவாக ஏற்கிறது. அதே நாளில் வெளியான சமயச் சுதந்திரம் பற்றிய ஏடு, நம்பிக்கை விஷயத்தில் எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. சிறுபான்மையினராகவும் பெரும்பான்மையினராகவும் ஊருக்கு ஊர் மாறி மாறி வாழும் நம் மாவட்டத்து மக்களுக்கு மதச்சார்பற்ற அரசு ஒரு பாதுகாப்பு.

இங்கே பேசப்படும் மதச்சார்பற்ற காலம் என்பது வேறு. கனடாவைச் சேர்ந்த கத்தோலிக்க மெய்யியலாளர் சார்லஸ் டெய்லர் அதை ஒரு கேள்வியாக முன்வைத்தார்: 1500-ஆம் ஆண்டு வாக்கில் மேற்கு நாடுகளில் கடவுளை நம்பாமல் இருப்பதே ஏறக்குறைய இயலாததாக இருந்தபோது, 2000-ஆம் ஆண்டில் அது அத்தனை எளிதானது எப்படி? நம்பிக்கை என்பது எல்லோரும் மூச்சுவிடும் காற்றாக இருந்த நிலை போய், பல வழிகளுள் ஒன்றாக, விரும்பினால் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்றாக ஆகிவிட்டது என்பது அவருடைய கணிப்பு. ஐரோப்பாவில் இதன் அடையாளம் காலியான ஆலயங்கள்.

நம் மாவட்டத்தில் அப்படி இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்களில் ஏறக்குறைய 47 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். ஓர் ஆயரின் ஆளுகைப் பகுதியாக 1930-இல் தோன்றிய கோட்டாறு மறைமாவட்டத்திலிருந்து 2014-இல் குழித்துறை மறைமாவட்டம் தனியாகப் பிரிக்கப்பட்டது. கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழாவின் கடைசி நாளான டிசம்பர் 3 அன்று மாவட்டம் முழுவதற்கும் உள்ளூர் விடுமுறை விடப்படுகிறது. ஞாயிறு திருப்பலிக்கு ஆலயத்தில் இடம் கிடைக்காமல் வெளியே நிற்பவர்களை எந்தப் பங்கிலும் காணலாம். இவற்றைக் காட்டி, மதச்சார்பற்ற காலம் நம்மைத் தொடவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. அந்த நிம்மதியை என்னால் பகிர்ந்துகொள்ள இயலவில்லை. ஏனெனில் திருச்சபையின் போதனையே இந்த நோயின் அறிகுறியாகக் காலியான இருக்கைகளைச் சொல்வதில்லை. 1992-இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், ஜெபத்தில் நமக்கு நேரும் சோதனைகளில் மிகப் பரவலானதும் மிக மறைவானதும் நம்பிக்கையின்மையே என்கிறது. கடவுள் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்வதில் அது தெரிவதைவிட, நாம் உண்மையில் எதை முதலில் வைக்கிறோம் என்பதில்தான் தெரிகிறது என்று அந்நூலின் 2732-ஆம் எண் விளக்குகிறது. ஜெபிக்க அமர்ந்ததும் ஆயிரம் வேலைகள் அவசரமானவையாகத் தோன்றி முன்னால் வந்து நிற்கின்றன. அந்த நொடியில் இதயம் எதன் பக்கம் சாய்கிறது என்பதே கேள்வி. அதற்குச் சற்று முன்னுள்ள எண்ணில், அறிவாலும் அறிவியலாலும் சரிபார்க்கக் கூடியது மட்டுமே உண்மை என்ற எண்ணமும், விளைச்சலும் லாபமும் தராதது வீண் என்ற எண்ணமும் நமக்குத் தெரியாமலேயே ஜெபத்துக்குள் நுழைந்துவிடுகின்றன என்ற எச்சரிக்கை உள்ளது. மதச்சார்பற்ற காலம் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான வரையறையை நான் பார்த்ததில்லை. அது ஆலயத்தின் கதவுக்கு வெளியே நின்று கூச்சலிடுவதில்லை. முழங்காலில் நிற்பவனின் மனத்துக்குள் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது.

திருத்தந்தை பதினான்காம் லியோ, தேர்ந்தெடுக்கப்பட்ட மறுநாளான 2025 மே 9 அன்று சிஸ்டைன் சிற்றாலயத்தில் ஆற்றிய மறையுரையிலும் இதையே தொட்டார். திருமுழுக்குப் பெற்றவர்களிலும் பலர் நடைமுறையில் கடவுள் இல்லாதவர்களைப் போலவே வாழ்கிறார்கள் என்றார் அவர். நம் ஊர் வழக்கில் இதைப் பெயர்த்துப் பார்ப்பது கடினமில்லை. பத்து நாள் திருவிழாவுக்கு எவ்வளவு வரி, எந்த இசைக்குழு, எவ்வளவு வாணவேடிக்கை என்பதற்காகப் பல இரவுகள் கூடிப் பேசும் ஒரு பங்கில், தவக்காலத்தில் ஒப்புரவு அருளடையாளத்துக்கு, அதாவது பாவசங்கீர்த்தனத்துக்கு, எத்தனை பேர் வந்தார்கள் என்ற கேள்வி எழுவதே இல்லை என்றால், அங்கே விழா நிலைத்திருக்கிறது, விழாவின் காரணம் மெல்லக் கரைந்துகொண்டிருக்கிறது. கிறிஸ்தவன் என்பது சாதிச் சான்றிதழிலும் திருமண அழைப்பிதழிலும் மட்டும் உயிரோடு இருக்கும் ஓர் அடையாளமாகச் சுருங்கும்போதும் இதுவே நடக்கிறது. 2013-இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய திருத்தூது ஊக்கவுரை, பக்தியின் தோற்றத்துக்குள்ளும் திருச்சபை மீதான அன்பின் தோற்றத்துக்குள்ளும் ஒளிந்துகொண்டு, ஆண்டவருடைய மாட்சிக்குப் பதிலாக மனிதப் பெருமையைத் தேடும் இந்தப் போக்கை ஆன்மீக உலகப்பற்று என்று பெயரிட்டுக் கண்டித்தது. திருவிழாக்களைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. அந்தத் தேரோட்டமும் பவனியும் எங்கள் மூதாதையரின் நம்பிக்கையைத் தாங்கி வந்தவை. அதனால்தான் உள்ளீடு போய் ஓடு மட்டும் மிஞ்சுவதைப் பார்க்க வலிக்கிறது.

போராட்டம் என்று சொன்னதும் எதிரி யார் என்ற கேள்வி வருகிறது. பழைய ஞானோபதேசத்தில் பசாசு, உலகம், சரீரம் என்ற மூன்று எதிரிகளைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதில் உலகம் என்பது கடவுள் படைத்து நல்லது எனக் கண்ட உலகத்தைக் குறிப்பதில்லை. கடவுளை விட்டுவிட்டுத் தன்னையே முழுமையாக்கிக்கொள்ள முனையும் மனிதப் போக்கைக் குறிக்கிறது. சரீரம் என்பதும் உடலை இழிவாகக் கருதும் சொல்லன்று. காயம்பட்ட நம் இயல்பின் சாய்வு அது. தீய ஆவியைப் பொறுத்தவரை, 2018-இல் வெளியான 'அகமகிழ்ந்து களிகூருங்கள்' என்ற ஏட்டில், அது ஒரு கற்பனைக் கதையோ குறியீடோ வெறும் கருத்தோ அன்று என்று பிரான்சிஸ் எழுதினார். எனினும் அந்த ஏடு பேய்க் கதைகளுக்கு இடம் தருவதில்லை. வெறுப்பு, மனச்சோர்வு, பொறாமை ஆகியவற்றால் நம்மை நஞ்சாக்குவதே தீயவனின் வழக்கமான வேலை என்கிறது.

எபேசியர் திருமுகத்தின் ஆறாம் அதிகாரத்தில் புனித பவுல் இந்தப் போருக்கான படைக்கலங்களை வரிசையாகச் சொல்கிறார்: உண்மை, நீதி, அமைதி, நம்பிக்கை, மீட்பு, இறைவார்த்தை. எதிரி இரத்தமும் சதையுமான மனிதனல்லன் என்பதை அதற்கு முன்னரே அவர் நிலைநாட்டிவிடுகிறார். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் தொடங்கிய இந்து-கிறிஸ்தவக் கலவரத்தின் நினைவு இரு தரப்பு ஊர்களிலும் இன்னும் ஆறாமல் கிடக்கும் இந்த மாவட்டத்தில் அந்த வரி எந்த மறையுரையிலும் விடுபடக் கூடாது என்று நான் கருதுகிறேன். ஆன்மீகப் போர் என்ற சொல்லை எடுத்துப் பக்கத்துத் தெருவின் மேல் வீசுபவர், பவுல் சொன்னதற்கு நேர் எதிரானதைச் செய்கிறார். சகோதரனை எதிரியாக்குவது, போராட வேண்டிய சோதனைக்குத் தோற்றுப்போவதே ஆகும்.

தமிழில் சோதனை என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. பாவத்துக்கு இழுப்பதும் சோதனை, துன்பத்தால் புடமிடப்படுவதும் சோதனை. இது குறையென்று நான் நினைப்பதில்லை, ஏனெனில் வாழ்க்கையில் இவ்விரண்டும் பிரிந்து வருவதில்லை. ஆண்டவர் கற்பித்த ஜெபத்தில் "எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்" என்று நாம் சொல்கிறோம். கடவுளே சோதனைக்குள் நடத்துகிறார் என்று பொருள்படும் வாசகம் பிரெஞ்சிலும் இத்தாலிய மொழியிலும் அண்மை ஆண்டுகளில்தான் திருத்தப்பட்டது. நம் பாட்டிமார் தமிழில் எப்போதும் சரியாகவே ஜெபித்து வந்தார்கள்.

இனி, நம் பங்குகளில் மிகக் குறைவாகக் கற்பிக்கப்படுவதாக எனக்குத் தோன்றும் பகுதிக்கு வருகிறேன். பக்தியோடு இருந்த ஒருவருக்குத் திடீரென்று ஜெபத்தில் சுவையே இல்லாமல் போகிறது. செபமாலை சொன்னால் வாய் மட்டும் அசைகிறது. திருப்பலியில் மனம் எங்கோ அலைகிறது. கடவுள் இருக்கிறாரா என்ற எண்ணம் நடு இரவில் வந்து போகிறது. அவர் என்ன முடிவுக்கு வருகிறார்? பெரும்பாலும் இரண்டில் ஒன்றுக்கு: தான் ஏதோ பெரிய பாவம் செய்துவிட்டதாக அஞ்சுகிறார், அல்லது தனக்கு நம்பிக்கை போய்விட்டது என்று எண்ணி மெல்ல ஒதுங்குகிறார். மூன்றாவதாக ஒரு விளக்கம் இருப்பதையும், அது நானூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் திருச்சபையில் எழுத்தில் இருப்பதையும், அதைத் தன் வாழ்வில் பயின்ற ஒருவரே இந்தக் கடற்கரைக்கு நம்பிக்கையைக் கொண்டுவந்தார் என்பதையும் அவருக்கு யாரும் சொல்வதில்லை.

பின்னாளில் இயேசு சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியார் 1521-இல் பம்ப்லோனாவில் போரில் காலில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தபோது, தன் மனத்தில் வந்து போகும் எண்ணங்களைக் கவனிக்கத் தொடங்கினார். சில எண்ணங்கள் இனித்து வந்து, போகும்போது வெறுமையை விட்டுச் சென்றன. வேறு சில போன பிறகும் மகிழ்ச்சியை விட்டுச் சென்றன. அந்தக் கவனிப்பிலிருந்து பிறந்து, 1548-இல் அச்சேறிய ஆன்மீகப் பயிற்சிகளில் ஆறுதல், வறட்சி என்னும் இரு நிலைகளைப் பற்றிய விதிகள் உள்ளன. ஆன்மா இருண்டு, கலங்கி, சோம்பிச் சோர்ந்து, அன்பும் எதிர்நோக்கும் இல்லாததுபோல, தன் ஆண்டவரிடமிருந்து பிரிந்ததுபோல உணரும் நிலையே வறட்சி. அந்நேரத்தில் முன்பு எடுத்த முடிவு எதையும் மாற்றாதே என்பது அவருடைய புகழ்பெற்ற விதி. ஆறுதலில் நல்ல ஆவி நம்மை நடத்துவதுபோல வறட்சியில் தீய ஆவி ஆலோசனை சொல்கிறது. அந்த ஆலோசனையைக் கேட்டு நல்ல வழியைக் கண்டுபிடிக்க முடியாது. முடிவை மாற்றக் கூடாதே தவிர நம்மை மாற்றிக்கொள்ளலாம்: ஜெபத்தைச் சற்றுக் கூட்டலாம், மனத்தைச் சற்று ஆழமாக ஆராயலாம், பொறுமையோடு காத்திருக்கலாம்.

வறட்சி ஏன் வருகிறது என்பதற்கு இஞ்ஞாசியார் மூன்று காரணங்கள் சொல்கிறார். நம் அசட்டையால் வரலாம். பரிசும் இனிமையும் இல்லாதபோது நாம் எவ்வளவு தூரம் வருவோம் என்று பார்ப்பதற்காக வரலாம். ஆறுதல் நம் உழைப்பின் கூலி அன்று, கடவுளின் கொடை என்பதை நாம் உள்ளூர அறிவதற்காகவும் வரலாம். நமக்குச் சொந்தமில்லாத வீட்டில் நாம் கூடு கட்டிவிடாதபடிக்கு என்கிறார் அவர். மூன்றில் ஒன்று மட்டுமே நம் குற்றம் என்பதைக் கவனிக்க வேண்டும். நம் மக்களோ அந்த ஒன்றை மட்டுமே அறிந்திருக்கிறார்கள்.

1534-இல் பாரிசில் இந்தப் பயிற்சிகளைச் செய்தவர்தான் பிரான்சிஸ் சவேரியார். 1544-இன் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்களித்ததாக அவர் எழுதிய கடிதத்தை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் மணப்பாட்டிலிருந்து எழுதிய கடிதத்தை எவரும் நினைவுகூர்வதில்லை. வடக்கிலிருந்து வந்த வடுகர் படையெடுப்புக்கு அஞ்சிக் குமரி முனையின் பாறைகளில் ஒளிந்து, பசியாலும் தாகத்தாலும் மடிந்துகொண்டிருந்த கிறிஸ்தவர்களுக்கு உதவ இருபது தோணிகளோடு அவர் புறப்பட்டார். காற்று எதிர்த்து அடித்தது, தோணிகளால் முனையை எட்ட முடியவில்லை. காற்று தணிந்தால் மீண்டும் புறப்படுவேன் என்று எழுதினார். முடிவில் தரைவழியாகவே அவர்களைப் பார்க்கப் போனார். இஞ்ஞாசியாரின் விதியை இதைவிடத் தெளிவாக நம் கடற்கரை மக்களுக்கு விளக்கும் பாடம் வேறு இருக்க முடியாது. ஆனாலும் மறைக்கல்வி வகுப்புகளில் பதினாயிரம் என்ற எண் மட்டும் சொல்லப்படுகிறது.

வறட்சி புனிதர்களை விட்டுவைத்ததில்லை. புனித சிலுவை யோவான் 1577-இல் தொலேதோவில் தன் சொந்தச் சபையினராலேயே சிறையிடப்பட்டார். அந்த இருட்டறையில் கவிதை எழுதத் தொடங்கிய அவரே, கடவுள் ஆன்மாவைத் தூய்மைப்படுத்தும் இருண்ட இரவைப் பற்றிப் பின்னாளில் விரிவாக விளக்கினார். லிசியே நகரின் குழந்தை தெரேசா 1896 உயிர்ப்புக் காலத்திலிருந்து 1897 செப்டம்பரில் இறக்கும் வரை விண்ணகம் என்ற ஒன்று உண்டா என்ற இருளில் வாழ்ந்தார். நம்பாதவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து துன்பத்தின் அப்பத்தை உண்பதாக அதை அவர் விவரித்தார். கொல்கத்தாவின் அன்னை தெரேசா ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கடவுளின் உடனிருப்பை உணராமலே ஏழைகளிடையே உழைத்தார் என்பது, 2007-இல் அவருடைய கடிதங்கள் அச்சில் வந்தபோது வெளியுலகுக்குத் தெரிந்தது. அவர் நம்பவில்லை என்று அன்று சிலர் எழுதினார்கள். உணர்ச்சியை நம்பிக்கையென்று கொள்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். உணர்வு உலர்ந்த பிறகும் இயேசுவைப் பற்றிக்கொண்டிருப்பதே தூய நம்பிக்கையின் வேளை என்கிறது மறைக்கல்வி நூல்.

ஐயத்தைப் பற்றியும் இதே தெளிவு தேவை. நாகர்கோவிலிலோ சென்னையிலோ பெங்களூரிலோ படிக்கும் ஒரு மாணவி, உலகில் இவ்வளவு துன்பம் ஏன், மற்ற சமயத்தாரின் நம்பிக்கைக்கு என்ன பொருள் என்றெல்லாம் கேட்கும்போது, வீட்டில் பெரியவர்கள் வாயை மூடச் சொல்வது வழக்கம். ஆனால் உண்மையை அறிந்தும் அலட்சியமாக ஒதுக்குவதையும், எழும் கேள்விகளோடு மல்லுக்கட்டுவதையும் திருச்சபை ஒன்றாகக் கருதுவதில்லை. பத்தாயிரம் இடர்ப்பாடுகள் சேர்ந்தாலும் ஓர் ஐயம் ஆகாது என்று கர்தினால் நியூமன் எழுதியதை மறைக்கல்வி நூலே எடுத்தாள்கிறது. தமிழ்நாட்டின் பகுத்தறிவு இயக்கத்தை நாம் பல காலம் பகையாக மட்டுமே பார்த்தோம். நம்பிக்கையாளர்கள் தங்கள் போதனையின் குறையாலும் வாழ்வின் குறையாலும் கடவுளின் முகத்தைக் காட்டுவதைவிட மறைத்துவிடுவதால், கடவுள் மறுப்பின் பிறப்பில் அவர்களுக்கும் கணிசமான பங்குண்டு என்று 'இன்றைய உலகில் திருச்சபை' ஒப்புக்கொள்கிறது. கல்லறையிலும் ஆலய இருக்கையிலும் சாதி பார்த்த வரலாறு தென்தமிழ்நாட்டுக் கத்தோலிக்கருக்கு இருக்கும்போது, அந்த வரிகளை நாம் தலைகுனிந்துதான் வாசிக்க வேண்டும்.

வறட்சியைப் பற்றிய கல்வி இல்லாத இடத்தை இன்று சில குணமளிப்புக் கூட்டங்கள் நிரப்புகின்றன. அழுகையும் ஆரவாரமும் தரும் உணர்ச்சி வேகத்தைத் தேடி, ஒரு கூட்டத்திலிருந்து மறு கூட்டத்துக்கு மக்கள் போகிறார்கள். குணமளிப்புக்கான ஜெபத்தைத் திருச்சபை மறுப்பதில்லை. தூய ஆவியின் கொடைகளை வலியுறுத்தும் அருங்கொடை இயக்கத்தால் ஜெபத்தின் சுவையை அறிந்தவர்களும் நம்மிடையே பலர் உண்டு. ஆனால் இத்தகைய கூட்டங்களில் வெறியாட்டமோ செயற்கைத்தனமோ நாடகத்தனமோ பரபரப்போ இருக்கக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் விதித்தது. மனநோயைப் பேயாகக் கருதக் கூடாது, அதைக் கவனிப்பது மருத்துவ அறிவியலின் பொறுப்பு என்று மறைக்கல்வி நூலும் சொல்கிறது. தூக்கமும் பசியும் இழந்து, சாவை விரும்பும் அளவுக்குத் துவண்டுவிட்ட ஒருவரிடம் இது இருண்ட இரவு, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதும் அதே அளவு பிழை. அவரை மருத்துவரிடம் அழைத்துப் போவதுதான் அப்போது அன்பு.

இவை எல்லாவற்றுக்கும் அப்பால், இந்தக் கடற்கரை அறிந்த ஒரு சோதனை இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாளான ஞாயிறு காலையில், குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் கடல் ஊருக்குள் வந்தது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது, வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கும் தூத்தூர் வட்டார மீனவர்கள் பலர் திரும்பி வரவில்லை. அவர்களில் பலருடைய உடல்கூட வந்து சேரவில்லை. கல்லறைத் திருநாளில் மற்றவர்கள் கல்லறைகளில் பூ வைத்து மெழுகுதிரி ஏற்றும்போது, மெழுகுதிரி ஏற்ற ஒரு கல்லறை இல்லாமல் நிற்கும் பெண்களின் ஜெபத்துக்கு எந்த விதியைப் பொருத்துவது? கடவுளின் திருவுளம் என்று அவர்களிடம் பலர் சொன்னார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள்.

இந்த மாவட்டத்தின் புனிதருடைய கதை இங்கே நினைவுக்கு வருகிறது. 1712-இல் நட்டாலத்தில் பிறந்து திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த நீலகண்டன், குடும்பத்தில் அடுத்தடுத்து நேர்ந்த இழப்புகளால் மனம் உடைந்திருந்த வேளையில், 1741 குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் அரசின் படைத்தலைவரான, டச்சுப் படையில் இருந்த டி லனாயிடம் தன் துயரத்தைச் சொன்னார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. டி லனாய் அவருக்குத் தத்துவமோ சமாதானமோ சொல்லவில்லை. விவிலியத்தில் அனைத்தையும் இழந்து துன்புற்ற யோபுவின் கதையைச் சொன்னார். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆன அவர், கைதாகி நெடுநாள் வதைக்கப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட அவருடைய கல்லறை கோட்டாறு பேராலயத்தில் இருக்கிறது.

அவர் கேட்ட அந்தக் கதையில் யோபு பொறுமையாக இருந்தார் என்று மட்டுமே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். முதல் இரண்டு அதிகாரங்களுக்குப் பிறகு யோபு தன் பிறந்த நாளைச் சபிக்கிறார், கடவுளை வழக்குக்கு அழைக்கிறார், பதில் கேட்டு அழுகிறார். அவரைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் தரையில் உடன் அமர்ந்திருந்தார்கள். பிறகு கடவுளுக்காக வாதாடத் தொடங்கினார்கள். நூலின் கடைசி அதிகாரத்தில் ஆண்டவர் அந்த நண்பர்கள் மேல்தான் சினம் கொள்கிறார். என் ஊழியன் யோபுவைப்போல் நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று அவர்களிடம் சொல்லி, அவர்களுக்காக ஜெபிக்கும் வேலையை யோபுவிடமே ஒப்படைக்கிறார்.